சுண்டுவிரலுக்கு இருபது நிமிடம்

கால்வினிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதை மூன்று மடங்காகச் செய்து முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ஒரு சட்டையைத் தேய்க்கச் சொன்னால் அலமாரியையே காலி செய்துவிடுவான். கட்டடங்களில் தீ அலாரம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். பிரிக்பீல்ட்ஸில் அவன் குடியிருக்கும் ஒன்பது மாடிக் குடியிருப்பில், இரண்டு மாதங்களுக்கு முன்பு காரிடார் கூரையிலிருந்த பழைய ஸ்மோக் டிடெக்டர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டியவனும் அவன்தான். குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் தம்புசாமி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இதாச்சும் வேல செய்யுமா தம்பி?"

"அங்கிள், இனிமே யாராச்சும் காரிடார்ல ஒரு சுருட்டு பத்த வச்சா போதும். பில்டிங்கே எந்திரிச்சி ஓடும் பாருங்க!"

அந்த வாயை அன்றைக்கு அவன் சும்மா வைத்திருக்கலாம்.

இப்போது அவன் மனைவி ஆட்ரிக்கு முப்பத்து நான்கு வாரம். டாக்டர் புனிதா ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் அப்படியும் இப்படியும் நகர்த்திவிட்டு, "மேடம் சொகமா உக்காந்திருக்காங்க" என்றார். தலை மேலே, பின்பக்கம் கீழே. இந்த நேரத்துக்குக் குழந்தை தலைகீழாகத் திரும்பியிருக்க வேண்டும். "ரெண்டு வாரம் கழிச்சி புதன்கிழம திரும்பவும் பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம். ஒங்க கேஸ்ல கையால திருப்புறதுக்கு நான் துணிய மாட்டேன்."

ஆபரேஷன் என்ற சொல் வந்ததும் ஆட்ரி கால்வினின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே வந்து மருந்து கவுண்டர் தாண்டி, கார் நிறுத்துமிடம் வந்து, காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விட்டாள். மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவந்து கிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் ஒரு முறை ஆபரேஷன் அறைக்குள் போய் வந்திருக்கிறாள். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, அவசர அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது இரண்டு உயிர், வரும்போது ஒன்று. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை இருவரும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனார்கள். அங்கே லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு தெரு தள்ளி, சீன வைத்தியம் பார்க்கும் சின்சே வோங்கின் வைத்தியக்கூடம் இருக்கிறது. சின்சே வோங்குக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான பெண்மணி. சுற்றிலும் தமிழ்க் கடைகள் என்பதால் அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் அத்துபடி. வலி, சூடு, போதும். ஊசி குத்தும் வேலைக்கு அதற்கு மேல் எதற்கு? மற்றதெல்லாம் மலாயில் நடக்கும்.

ஒரு குழாயை இழந்த ஆட்ரி மீண்டும் கருத்தரிக்க வேண்டி, ஒன்றரை வருடம் வாராவாரம் இங்கேதான் வந்து படுத்திருக்கிறாள். வயிற்றில் ஊசி, கணுக்காலில் ஊசி, காதில்கூட ஊசி. வீட்டுக்குப் போனால் பானையில் மூலிகைக் கஷாயம். அது எவ்வளவு கசக்கிறது என்று பார்க்க கால்வின் ஒரு வாய் குடித்துவிட்டு, அன்று முழுக்க எதைத் தின்றாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். கூடவே ஆஸ்பத்திரி மாத்திரையும் நடந்தது. கடைசியில் கர்ப்பம் தரித்தபோது ஊசி ஜெயித்ததா மாத்திரை ஜெயித்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. கால்வின் வம்பே வேண்டாம் என்று டாக்டருக்கு ஒரு பெட்டி, சின்சேக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தான்.

சின்சே இப்போது ஆட்ரியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே தடித்த சுருட்டு போல வெள்ளைத்தாளில் சுற்றிய பத்துக் குச்சிகள். காய்ந்த மூலிகையை இடித்து உருட்டியது. பேர் மோக்ஸா.

விஷயத்தைக் கேட்டதும் கால்வினுக்குத் தலை சுற்றியது. காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் ஒரு புள்ளி இருக்கிறதாம். குச்சியின் நுனியைப் பற்றவைத்து, அந்தப் புள்ளிக்கு இரண்டு விரல்கடைத் தூரத்தில் பிடிக்க வேண்டும். தொடக்கூடாது. இடது காலுக்கு இருபது நிமிடம், வலது காலுக்கு இருபது நிமிடம். பத்து நாள், ஒரு நாளும் விடாமல், அதே நேரத்தில். அந்தச் சூட்டுக்குப் பிள்ளை உள்ளே குட்டிக்கரணம் போடுமாம்.

"கால் வெரல்ல சூடு காட்டுனா வயித்துல பிள்ள திரும்புமா?" என்று ஆட்ரியிடம் தமிழில் கிசுகிசுத்தான். சின்சே அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தார்.

"சில பிள்ளை திரும்பும். சில பிள்ளை பிடிவாதம்" என்று மலாயில் சொன்னார். பிறகு ஆட்ரியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பிடிக்கப் போவது நீ. நாற்பது நிமிடமும் கண் விரல் மேலேயே இருக்க வேண்டும். போன் பார்க்காதே, டிவி பார்க்காதே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காதே. கண் நகர்ந்தால் கை நகரும், கை நகர்ந்தால் சுட்டுவிடும். இன்னொன்று. பிள்ளை திரும்பியது தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடு. ஒரு நாள்கூட அதிகம் செய்யாதே. மறுபடி சுற்றிக்கொண்டால் என்னிடம் வராதே!"

ரயில் ஏறும் முன்பே டாக்டர் புனிதாவுக்கு போன் போட்டான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன், மிஸ்டர் கால்வின். ஆனா செஞ்சி பாருங்க. பொகை அவங்க மூக்குக்குப் போகக் கூடாது, காத்தோட்டம் இருக்கணும். வயிறு வலிச்சாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ள அசையுறது கொறஞ்சாலோ ஒடனே வந்துடணும்."

போதாதா? ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் வரவேற்பறை ஓர் ஆபரேஷன் அறை அளவுக்குத் தயாராகிவிட்டது. ஜன்னல் பக்கம் முகம் வைத்த மேசை மின்விசிறி. மணல் நிரப்பிய மைலோ டின். ஈரத்துண்டு. நேரம் பார்க்க சமையலறை டைமர். இரண்டு தீயணைப்புக் கருவிகள், ஒன்று பழுதானால் இன்னொன்று. கடைசியாக ஏணியில் ஏறி, வீட்டுக்கூரையிலிருந்த டிடெக்டருக்கு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி ஒன்றை மாட்டினான். தூசி வேலை நடக்கும் இடங்களில் தற்காலிகமாக மாட்டுவது அது. ஊரெல்லாம் போய், "டிடெக்டர மூடாதீங்க, மூடவே மூடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன். ஆட்ரி சோபாவில் சாய்ந்தபடி அந்த மூடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒங்க பாஸ் பாத்தாரு, அவ்ளோதான் லா."

"நீ கால நீட்டு."

அவன் தரையில் உட்கார்ந்து அவள் வீங்கிய பாதத்தை மடியில் வைத்துக்கொண்டான். கல்யாணமாகி ஏழு வருடம், அந்தச் சுண்டுவிரலை அவன் இதற்கு முன்பு ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. நகம் ஒரு பச்சரிசி அளவுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதல் இரண்டு நாள் பேச்செல்லாம், "சூடா?" "இல்ல." "இப்ப?" "கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்ற அளவில் முடிந்தது. மூன்றாம் நாள் இடது கால் நடந்துகொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆட்ரி பேசத் தொடங்கினாள். அவன் முகம் தன்னைப் பார்க்காது என்று தெரிந்த தைரியமோ என்னவோ.

"மேல ஏழு லைட்டு இருந்திச்சி. நான் எண்ணினேன். அஞ்சு வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்கு, அப்புறம் மயக்கம். எந்திரிச்சப்ப வயித்துல பிளாஸ்டர் ஒட்டியிருந்தாங்க. பாப்பாவப் பத்தி யாரும் ஒண்ணுமே சொல்லல. நர்ஸ்கிட்ட கேட்டேன். டாக்டர் வந்து சொல்வாருன்னுட்டு போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம், கால்வின். நான் அம்மாவா இல்லையான்னு தெரியாம ரெண்டு மணி நேரம் அந்தக் கட்டில்ல கெடந்தேன்."

கால்வின் குச்சியை இறுக்கிப் பிடித்தான். விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பிள்ள நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தெரியும். ஆபரேஷன் பண்ணாலும் நல்லபடியா பொறக்கும், அதும் தெரியும். ஆனா அந்த லைட்டுக்குக் கீழ என்னால இன்னொரு தடவ படுக்க முடியாது. நெனச்சாலே கை கால் வெட வெடங்குது."

கால்வினுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. மூன்று வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடப்பது. அன்றைக்கு அவள் பதினொரு முறை போன் செய்திருந்தாள். ஒரு ஷாப்பிங் மால் கூரைக்குள் வேலை, போன் கீழே வேலைப் பையில் இருந்தது என்று அவளிடம் சொல்லியிருந்தான். அது பொய். முதல் அழைப்பு வந்தபோது போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் பேரைப் பார்த்தான். சாப்பாடு வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கட் செய்து, சைலன்டில் போட்டுவிட்டான். அவள் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவன் வாயைத் திறந்தான். டைமர் கத்தியது.

"வலது காலு" என்றாள் ஆட்ரி, காலை மாற்றிக்கொண்டே. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்காக இருவரும் காத்திருந்தார்கள். ஆட்ரி பேசினாள், அழுதாள், சிரித்தாள். பிள்ளைக்குப் பேர் வைத்தாள், மறுநாள் அந்தப் பேரை மாற்றினாள். பிள்ளை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவள் வலது விலா எலும்புக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் தலை. ஐந்தாம் நாளும் அங்கே. ஏழாம் நாளும் அங்கே. ஒன்பதாம் நாள் அவன் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கே" என்று பொய் சொன்னான்.

"நகரல" என்றாள் அவள்.

பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. கடைசிக் குச்சி. மறுநாள் காலை ஸ்கேன். பார்த்து வைத்தாற்போல ஏழு மணிக்கு மழை கொட்டியது. சாதாரண மழையில்லை, ஜன்னல் வழியாகச் சோபா வரைக்கும் சாரல் அடிக்கிற மழை. ஜன்னலைச் சாத்தினான். இடது கால் முடிவதற்குள் அறையில் புகை மூட்டம் போட்டுவிட்டது. ஆட்ரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காற்றோட்டம் இருக்கணும் என்று டாக்டர் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. உடனே எழுந்து போய், கிரில்லை மட்டும் பூட்டிவிட்டு வாசற்கதவை அகலத் திறந்து வைத்தான். மின்விசிறியையும் கதவுப் பக்கம் திருப்பினான். புகை நல்ல பிள்ளையாக வரிசையில் காரிடாருக்குப் போனது.

வலது காலை மடியில் எடுத்து வைத்துக் குச்சியைப் பிடித்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மணி அலறியது. ஒன்பது மாடியிலும் ஒரே நேரத்தில், காது கிழிகிற அலறல். கால்வினின் முதல் நினைப்பு என்ன தெரியுமா? அடேயப்பா, என்ன தெளிவான சத்தம்! தன் கைவேலையை எண்ணி அரை நொடி பெருமைப்பட்டான். அடுத்த அரை நொடியில் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்ம பொகைதான்! நீ உக்காரு, நான் கீழ போயி அலாரம் பேனல்ல பாத்துட்டு ஓடி வரேன்."

"நம்ம பொகைதான்னு எப்படித் தெரியும்? மூணாவது மாடியில நெசமாவே எரிஞ்சா?"

வருடா வருடம் குடியிருப்பாளர்களைக் கூட்டி வைத்து அவனே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. மணி அடித்தால் காரணம் தேடாதே, இறங்கு. குச்சியை மைலோ டின் மணலில் குத்தி, புகைந்துகொண்டிருப்பதை வீட்டில் விட்டுப் போகக் கூடாது என்ற இன்னொரு பாடமும் நினைவுக்கு வர, டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் அவளைத் தாங்கிப் பிடித்தான்.

ஏழு மாடி. மணி அடிக்கும்போது லிஃப்ட் வேலை செய்யாது. ஆட்ரி ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முன்னால் எதிர்வீட்டு அங்கிள் சோங், அரைக்கால் சட்டையோடு. பின்னால் எட்டாம் மாடியில் எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்ப் பெரியம்மா, துணிக்கூடையில் பூனையை வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு படையே இறங்கி வந்தது. படிக்கட்டு அகலமானதுதான், முந்திக்கொண்டு போயிருக்கலாம். ஒருவர்கூட முந்தவில்லை. நான்காவது மாடியில் அவள் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தபோது மேலே இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். "மெதுவா, மெதுவா" என்று மூன்று மொழியில் குரல் வந்தது. கக்கத்தில் புகைகிற டின்னோடு கால்வினுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கீழே கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்கடியில் எல்லாரும் கூடினார்கள். மழைச் சத்தம், மணிச் சத்தம், பிள்ளைகள் அழுகிற சத்தம். தம்புசாமி குடையும் பெயர்ப்பட்டியலுமாக வீடு வீடாக எண்ணிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு போம்பா என்கிற தீயணைப்பு வண்டி உள்ளே வந்தது. தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் மேலே ஓடினார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. கால்வின் மட்டும் தரையைப் பார்த்தான்.

மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய தலைவர் இறங்கி வந்தார். கையில் மஞ்சள் மூடி. ஏழாம் மாடியில் இந்த வீட்டுக்காரர் யார் என்று மலாயில் கேட்டார். கால்வின் கையைத் தூக்கினான். மறு கக்கத்தில் மைலோ டின் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தலைவர் அதைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அவர் புருவம் சுருங்கியது.

"கஞ்சா மாதிரி வாட வருதே" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கூட்டம் இரண்டடி விலகியது.

"ஐயா லா!" என்று கத்திக்கொண்டு அங்கிள் சோங் முன்னால் வந்து விழுந்தார். "அது கஞ்சா இல்லை, மோக்ஸா! பிள்ளை வயிற்றில் உட்கார்ந்துகொண்டால் திருப்புவதற்கு! என் மனைவிக்கு நானே பிடித்திருக்கிறேன்! எங்கள் இரண்டாவது பெண்!" மலாயும் சீனமும் கலந்து அவர் கொட்டியதில் பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் ஆட்ரியின் வயிற்றைக் காட்டி, கையை வட்டமாகச் சுற்றிக் காட்டியதும் எல்லாருக்கும் எல்லாமும் புரிந்துவிட்டது.

தீயணைப்புத் தலைவர் டின்னைத் திருப்பிக் கொடுத்தார். மஞ்சள் மூடியை கால்வினின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

கால்வின் மூடியைப் பார்த்தான். "தீ அலாரம் பொருத்துகிறேன், துவான்."

முதலில் சிரித்தது மக்சிக்தான். அப்புறம் கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். இனி திறந்த வெளியில் வைத்துக்கொள்ளும்படி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பேர் விலாசம் எழுதிக்கொண்டு வண்டியேறினார்.

தம்புசாமி சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

"அலாரமும் நீயே, பொகையும் நீயே, மூடியும் நீயே! இத்தன வருஷத்துல இந்த பில்டிங்ல இப்படி ஒரு கூத்து நடந்ததில்ல. கமிட்டி மீட்டிங்ல ஒன்னிய வச்சிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அந்த வைத்தியம் முடிஞ்சிருச்சா?"

"வலது காலு அப்படியே பாக்கி, அங்கிள். இன்னிக்குத்தான் கடைசி நாளு. நாளைக்கு காலையில ஸ்கேன்."

"எத்தன நிமிஷம்?"

"இருபது."

தம்புசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து ரயில்வே கணக்கில் நேரம் சொன்னார். "இப்ப பத்தொன்பது அம்பது. இருபது பத்து வரைக்கும். யாராச்சும் அந்தப் பொண்ணுக்கு நாற்காலி கொண்டாங்கப்பா!"

நாற்காலி வந்தது. காலுக்கு ஒரு முக்காலியும் வந்தது. ஆட்ரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீங்கிய வெறுங்காலை இத்தனை பேர் நடுவில் நீட்டுவதா? "பரவால்ல, நீட்டும்மா" என்று தம்புசாமி அதட்டினார். மக்சிக் சாரல் படாமல் குடை பிடித்தார். அங்கிள் சோங் குச்சியை மறுபடி பற்றவைத்துக் கொடுத்து, "அண்ணே, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று தனக்குத் தெரிந்த தமிழில் விரட்டினார். கால்வின் ஈரச் சிமெண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சரிசி நகத்தின் மேல் கண்ணை நட்டான்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். யாரும் மேலே போகவில்லை. மின்சாரம் இருக்கிறது, லிஃப்ட் வேலை செய்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் ஆறிப்போன சோறு காத்திருக்கிறது. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

"கால்வின்."

"சூடா?"

"இல்ல." குரல் வேறு மாதிரி இருந்தது. "கால்வின்... ஐயோ, அம்மா!"

கூட்டம் ஒரே குரலில் 'ஆ' என்றது. மக்சிக் அல்லாவைக் கூப்பிட்டார். ஆட்ரியின் கை அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. "போகுது, போகுது, அந்தப் பக்கம் போகுது!" என்று அங்கிள் சோங் குதித்தார். ஆட்ரி வலியிலா சிரிப்பிலா என்று தெரியாதபடி கத்தினாள். அவள் சட்டைக்குள் வலது பக்கத்து மேடு புரண்டு, நடுவில் எழும்பி, இடது பக்கமாகச் சரிந்து இறங்கியதை அந்தக் கட்டடமே பார்த்தது. கால்வின் ஒருவன்தான் பார்க்கவில்லை. சின்சே விரலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே! தலைமுடி பிய்ந்து வருகிற மாதிரி வலித்தது, கண்ணில் நீர் முட்டியது, அவன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சி? யாராச்சும் சொல்லுங்களேன்! என்ன ஆச்சி?"

"இருபது பூஜ்ஜியம் மூணு" என்றார் தம்புசாமி, கடிகாரத்தைப் பார்த்து. "திரும்பிருச்சி போலிருக்குப்பா. நிறுத்து."

மறுநாள் காலை டாக்டர் புனிதா கருவியை முதலில் மேலே வைத்தார். அங்கே இரண்டு குட்டிப் பாதங்கள். கீழே கொண்டுபோனார். திரையில் வட்டமாக, அழகாக, தலை.

"மேடம் எந்திரிச்சி தலகீழா நிக்கிறாங்க" என்றார். கால்வின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் தாதி பயந்துபோனார். கார் நிறுத்துமிடம், பூனை, அங்கிள் சோங் என்று அவன் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குச்சியா, ஏழு மாடி எறங்குனதான்னு என்னியக் கேக்காதீங்க. பிள்ளைங்க தானாவும் திரும்பும். இப்போதைக்கு ஆபரேஷன் தேதி வேணாம். ஆனா பிரசவத்துல எப்ப என்ன தேவப்படும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அத மட்டும் மனசுல வச்சிக்கோங்க."

ஆட்ரி வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "டாக்டர், அப்படி ஒருவேள உள்ள போக வேண்டி வந்தா, நான் முழிச்சிருக்க முடியுமா? இவரு என் பக்கத்துல இருக்கலாமா?"

"பெரும்பாலும் முடியும். நான் இப்பவே எழுதி வச்சிடுறேன்."

பத்து நாளைக்கு முன்பு அவள் இதைக் கேட்டிருக்க மாட்டாள். கால்வின் அவளையே பார்த்தான். அவள் கை அவன் மணிக்கட்டில் இருந்தது, ஆனால் இந்த முறை தடம் விழவில்லை.

கிள்ளானுக்கு போன் போட்டுச் சொன்னதும் சின்சே வோங் கத்திய கத்தலில் அவன் காதே அடைத்துவிட்டது. சந்தோஷம் முடிந்ததும் அடுத்த மூச்சில் கண்டிப்பு. "நிறுத்திவிட்டாய்தானே? இனி கிட்டேயே போகாதே!" பிறகு தமிழில், "போதும், போதும்!"

அன்று மாலை மழை இல்லை. கால்வின் மஞ்சள் மூடியை வேலைப் பைக்குள் போட்டான். மணலைக் கொட்டினான். மைலோ டின்னைக் கழுவிக் கவிழ்த்தான். தீயணைப்புக் கருவிகளைத் துடைத்து ஓரமாக வைத்தான். மணி ஏழு அடித்தபோது செய்ய எதுவும் மிச்சமில்லை. ஆட்ரி சோபாவில் வழக்கமான இடத்தில் இருந்தாள். அவன் டிவி ரிமோட்டை எடுத்தான், வைத்தான். ஜன்னல் பக்கம் போனான், வந்தான்.

ஆட்ரி காலை நீட்டினாள்.

"சின்சே வேணாம்னு சொன்னாங்கல்ல."

"குச்சி வேணாம்னுதானே சொன்னாங்க? உக்காருங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். இடது பாதம் மடிக்கு வந்தது. சுண்டுவிரலைப் பார்த்தான். பிறகு, அந்தப் பச்சரிசி நகத்தைப் பார்த்துக்கொண்டே, மூன்று வருடமாகக் கிடந்ததைச் சொன்னான்.

"அன்னிக்கு போன் பையில இல்ல ஆட்ரி. என் சட்டப் பாக்கெட்லதான் இருந்திச்சி. ஒம் பேரப் பாத்தேன். சாப்பாட்டுக்குத்தான் நீ கூப்பிடுறேன்னு நெனச்சி நாந்தான் கட் பண்ணேன். சைலன்ட்ல போட்டுட்டேன். நீ தனியா உள்ள போனதுக்கு நாந்தான் காரணம்."

விரல் அசையவில்லை. அவன் நிமிரவும் இல்லை. நிமிர்ந்தால் சொன்னதெல்லாம் சுட்டுவிடும் போல இருந்தது.

"தெரியும்" என்றாள் ஆட்ரி.

"என்ன?"

"மொத தடவ கூப்பிட்டப்ப ரெண்டு ரிங் அடிச்சி கட்டாச்சி. பையில கெடக்குற போன் தானா கட்டாகுமா? அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்." அதைச் சொன்ன குரலில் கோபமும் இருந்தது, அது மட்டுமில்லை. "மூணு வருஷம் ஆச்சி ஒங்களுக்கு."

கால்வின் அந்தப் பாதத்தின் மேலேயே நெற்றியை வைத்து அழுதான். அவள் தடுக்கவில்லை. அழுது தீரட்டும் என்று விட்டுவிட்டு, அவன் தலையில் நேற்று பிய்த்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். வயிற்றுக்குள் இப்போது தலைகீழாக நின்ற பிள்ளை மேலே ஒரு உதை விட்டது. அவள் ஸ்ஸ் என்று விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். டைமர் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை. ஆட்ரி இடது காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். மற்றக் காலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"வலது காலு" என்றாள். "இன்னும் இருந்தா சொல்லுங்க."